புதன்கிழமைச் சட்டை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரிக்பீல்ட்ஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் முகத்துக்கு நேரே என்னை ‘மிஸ்ஸி’ என்பார்கள், நான் தெருமுனை திரும்பியதும் ‘மிளகா மிஸ்ஸி’ என்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு பட்டம் போலத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். தாயைத் திட்டாமல் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது என்பது அப்போது என் கட்சி. மாதா கோயிலில் முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட என் கோபத்தை ஒரு பாவமாக நான் சாமியாரிடம் சொன்னதில்லை.

1934ஆம் வருஷத்துச் சங்கதி இது. நான் உர்சுலா, குழந்தைகள் நல நிலையத்தில் நர்ஸ். நிலையம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட பலகை வீடு, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி, ஒரு தராசு. புதன்கிழமை காலையில் குழந்தைகளுக்கு எடை பார்ப்போம். அன்று மட்டும் வெள்ளைக்கார டாக்டரம்மா வருவார். மற்ற நாளெல்லாம் குடையும் பையுமாக நான் வீடு வீடாகப் போவேன்.

குறைமாதப் பிள்ளைகள்தான் என் தனிக் கவலை. அவை பிழைப்பது அபூர்வம். அதற்கு முந்தின வருஷம் ஒரு பெண் குழந்தை, மூன்றரை ராத்தல்தான் இருக்கும். மழை பெய்துகொண்டிருந்த காலையில் வழக்கப்படி துணியெல்லாம் அவிழ்த்துத் தராசில் போட்டேன். அந்த ஒரு நிமிஷக் குளிரில் உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது. சாயங்காலம் போய்விட்டது. அதன் பிறகு நானே ஒரு சட்டம் போட்டேன். நாலு ராத்தலுக்குக் கீழே இருக்கிற எந்தக் குழந்தையையும் தராசுக்காக அவிழ்க்கக் கூடாது. இரண்டு மெல்லிய துணிக்கு நடுவே பஞ்சு வைத்து நானே சட்டை தைத்தேன். ஒரு சட்டை இரண்டரை அவுன்ஸ்; பதினாறு அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு ராத்தல். குழந்தைக்கு இரண்டு சட்டை கொடுப்பேன், ஒன்று உடுத்த, ஒன்று துவைத்துப் போட. சட்டையோடு நிறுத்து, இரண்டரை அவுன்ஸைக் கழித்துவிட்டால் பிள்ளையின் எடை வந்துவிடும். டாக்டரம்மா இதை மெச்சினார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

மாரியாயிக்குப் பத்தொன்பது வயது. புருஷன் சபாபதி ரயில் இஞ்சின்களைப் பழுதுபார்க்கும் ஷெட்டில் பிட்டருக்குக் கையாள். இருவரும் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவனுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த பிறகு எங்கள் நலநிலையத்துக்கு எதிர் வரிசையில், மூன்றாவது வீட்டுக்குக் குடிவந்தார்கள். அவர்களுடைய தலைப்பிள்ளை தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனது. பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்களாம். இவளை வெளியே மரத்தடியில் உட்காரச் சொன்னார்களாம். ஐந்தாம் நாள் ஒரு துணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார்களாம். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் கேட்டதற்குப் பதிலாக.

இரண்டாவது பிள்ளை ஏழாம் மாதம் முடிவதற்குள் பிறந்துவிட்டான். பக்கத்து வீட்டு பவுனம்மாள்தான் பிரசவம் பார்த்தவள். கொடியை அறுத்த கையோடு எனக்கு ஆள் அனுப்பினாள், அந்த மட்டும் நல்லவள். போய்ப் பார்த்தேன். தோல் சிவந்து, முதுகெல்லாம் பூனைமயிர். காதுமடலை விரலால் மடித்தால் மடிந்தபடியே கிடந்தது. அழ முடியவில்லை, முனகினான். பையில் இருந்த தூக்குத் தராசில் துணியோடு தொங்கவிட்டு நிறுத்தேன். மூன்று ராத்தல் இரண்டு அவுன்ஸ்.

“பொழைக்குமா மிஸ்ஸி?” என்றான் சபாபதி.

“நான் சொல்றபடி கேட்டா பொழைக்கும்” என்றேன்.

பால் டின் வந்த பலகைப் பெட்டி ஒன்றை நிலையத்திலிருந்து கொண்டுவந்தேன். உள்ளே பஞ்சு. இரண்டு பக்கமும் வெந்நீர் ஊற்றிய சோடாப் புட்டி, துணி சுற்றி. தண்ணீர் ஆற ஆற மாற்ற வேண்டும். அவனுக்குச் சப்பத் தெம்பில்லை. அதனால் பாலைப் பீய்ச்சி, சொட்டுக்குழாயால் நாக்கின் மேல் விட வேண்டும், இரண்டு மணிக்கொரு தரம். ரப்பர் குமிழ் வைத்த அந்தக் கண்ணாடிக் குழாய் நிலையத்தில் மூன்றே மூன்றுதான் இருந்தது. அதில் ஒன்றை மாரியாயியிடம் கொடுத்தேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டக் கூடாது, சாம்பிராணி போடக் கூடாது, வந்தவர் போனவர் தூக்கக் கூடாது. எடை பார்க்க நிலையத்துக்கு எடுத்துவரும் நேரம் தவிர பெட்டியை விட்டு வெளியே எடுக்கவே கூடாது.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள், கடைசியைத் தவிர. மூன்றாம் நாள் போனால் பிள்ளையைச் சேலைக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். பிள்ளையின் முனகல் நின்றிருந்தது. நிறமும் நன்றாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன், பார்த்த பிறகும் திட்டினேன்.

“பொட்டி எதுக்குக் கொண்டாந்து வச்சேன், வெறகுக்கா? எடு, உள்ள வையி!”

வைத்தாள். அவன் மறுபடி முனகத் தொடங்கினான்.

முதல் புதன்கிழமை இரண்டு ராத்தல் பதினைந்து அவுன்ஸ். பிறந்த வாரம் எல்லாக் குழந்தையும் கொஞ்சம் இறங்கும், நான் கவலைப்படவில்லை. இரண்டாம் புதன்கிழமையும் அதே இரண்டு ராத்தல் பதினைந்து. அப்போது எனக்குச் சுருக்கென்றது. பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் பேசினேன்.

“ஏன் ஏறல? பால் குடுக்கிறியா, தூங்கிப் போயிடுறியா?”

“குடுக்கிறேன் மிஸ்ஸி. ரெண்டு மணிக்கு ஒருவாட்டி குடுக்கிறேன்.”

“அப்ப அந்தப் பால் எங்க போவுது? இங்க பாரு. அடுத்த புதன் ரெண்டு அவுன்ஸாவது ஏறியிருக்கணும். இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துருவேன். வண்டி வந்து தூக்கிக்கிட்டுப் போயிரும், சொல்லிட்டேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாம் மிஸ்ஸி. மொத புள்ளைய அப்படித்தான் குடுத்தேன்.”

“அப்ப ஏத்திக் காட்டு” என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்பது எனக்குத் தெரியாது. அங்கே நல்ல நர்ஸுகள் இருந்தார்கள், என்னோடு படித்தவர்கள். நானும் கூடவே வருகிறேன், வாசலில் உன்னை நிறுத்தாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் ஆஸ்பத்திரியைப் பூச்சாண்டியாகக் காட்டினேன். அது சுலபமாக இருந்தது.

மூன்றாம் புதன்கிழமை மாரியாயி முதல் ஆளாக வந்து நின்றாள். பிள்ளையைக் கூடையிலிருந்து எடுத்தேன். கையில் எடுத்தபோதே கனம் தெரிந்தது. தராசில் வைத்தேன். சட்டையைக் கழித்து மூன்று ராத்தல் ஓர் அவுன்ஸ். இரண்டு அவுன்ஸ் ஏறியிருந்தான்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மாரியாயியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் பெஞ்சுப் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா? சொன்ன பேச்சுக் கேட்டா இப்படித்தான்” என்றேன். மாரியாயி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

நாலாம் புதன்கிழமை மூன்று ராத்தல் மூன்று. மறுபடியும் இரண்டு அவுன்ஸ். அதுவரை எடைச் சீட்டில் ‘மாரியாயி ஆண் குழந்தை’ என்றுதான் இருந்தது. நிலைக்குமோ நிலைக்காதோ என்ற பிள்ளைக்கு அவர்கள் அவசரப்பட்டுப் பெயர் வைப்பதில்லை. “இன்னும் என்ன பயம்? பேர் வையிங்க” என்று நான்தான் சபாபதியை அதட்டினேன். அவன் மாரியாயியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சின்னையா என்று சொன்னார்கள். நான் நல்ல கையெழுத்தில் எழுதினேன். தினம் அவர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், இனி வாரத்துக்கு ஒரு நடை போதும் என்று முடிவு பண்ணினேன். எனக்கு வேறு வீடுகளும் இருந்தன.

எந்தக் குழந்தையும் இப்படி அளந்து வைத்தாற்போல வாரம் இரண்டு அவுன்ஸ் ஏறாது. ஒரு வாரம் நாலு ஏறும், ஒரு வாரம் ஒன்றுகூட ஏறாது. பன்னிரண்டு வருஷம் எடை பார்த்தவளுக்கு இது தெரிய வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தால் கன்னம் உள்ளே போயிருந்தது, நெற்றியில் கிழவனுக்கு விழுகிற மாதிரி கோடு விழுந்திருந்தது. அதையும் பார்த்தேன். சில பிள்ளைகளுக்குச் சதை உடம்பில் பிடித்த பிறகுதான் முகத்தில் பிடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தராசு பொய் சொல்லாது என்று அத்தனை நம்பிக்கை.

ஐந்தாம் புதன்கிழமை மூன்று ராத்தல் ஐந்து. அன்று காலைதான் எழுத்தர் வீட்டு தனலெட்சுமிக்குக் குறைமாதத்தில் பெண் பிறந்திருந்தது. மற்ற இரண்டு சொட்டுக்குழாயும் செந்தூல் பக்கத்துக் குழந்தைகளுக்குப் போயிருந்தன. நான் மாரியாயியிடம் கையை நீட்டினேன்.

“அந்தக் கொழாயக் குடு. இனிமே நேரா மார்ல வச்சுக் குடு. மூணு ராத்தல் தாண்டிட்டான், சப்பட்டும்.”

“இன்னும் சப்ப மாட்டேங்கிறான் மிஸ்ஸி. அது இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே.”

“சோம்பேறி ஆக்காத அவன. பசிச்சா சப்புவான். ஒன் மவன் பெரிய ஆளாயிட்டான், வேற புள்ள ஒண்ணு சாகக் கெடக்குது. வச்சுக்கிட்டு வம்பு பண்ணுறியா?”

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று எனக்கே தோன்றியது. அதற்குள் அடுத்த பெண் குழந்தையோடு முன்னால் வந்துவிட்டாள். மாரியாயி வீட்டுக்குப் போய்க் குழாயைக் கழுவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

தனலெட்சுமியின் பெண் கெட்டிக்காரி. மறுநாளே தானாகச் சப்பத் தொடங்கிவிட்டாள். வியாழக்கிழமை சாயங்காலம் குழாய் என்னிடம் திரும்பி வந்தது. கொதிக்கவைத்து அலமாரியில் வைத்தேன்.

அந்த வாரம் மாரியாயி வீட்டுக்குத் திங்கட்கிழமை போனேன். மழை. குடையை மடக்கவில்லை, வாசலிலேயே நின்றேன்.

“குடிக்கிறானா?”

“குடிக்கிறான் மிஸ்ஸி.”

எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடந்தான். முனகல் நின்றுவிட்டது நல்லதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆறாம் புதன்கிழமை மாரியாயி வரவில்லை. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. டாக்டரம்மா ஒரு சிநேகிதியை அழைத்து வந்திருந்தார், பெட்டியில் வளர்ந்த பிள்ளையைக் காட்டுவதற்காக. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு நாள் சொன்னபடி கேட்டால் ஐந்தாம் நாள் தலைக்கனம் வந்துவிடுகிறது இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டே தெருவைக் கடந்தேன். என்ன சொல்லித் திட்டுவது என்பதையும் நடக்கும்போதே யோசித்து வைத்திருந்தேன்.

வீட்டு வாசலில் சபாபதி நின்றிருந்தான். வேலைக்குப் போகாமல் அந்த நேரத்தில் அவன் அங்கே நின்றதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே மாரியாயி பாயில் உட்கார்ந்திருந்தாள். தலையைப் பாதி வாரியிருந்தாள், பாதி அவிழ்ந்து தொங்கியது. நிலையத்துக்குப் புறப்படப் பிள்ளைக்குச் சட்டையெல்லாம் போட்டுக் கூடையில் கிடத்திவிட்டு, தலை வார உட்கார்ந்தாளாம். வாரி முடிப்பதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இப்போது அவனைச் சேலைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தாள். இந்த முறை நான் எடு என்று சொல்லவில்லை.

பவுனம்மாள் பித்தளைச் சட்டியில் தண்ணீரோடு வந்தாள். பச்சைப்பிள்ளையைப் புதைக்கிறதுதான் வழக்கம். அதற்கு முன்னால் குளிப்பாட்டி மஞ்சள் தடவ வேண்டும். சட்டையை அவிழ்க்கக் கையை நீட்டினாள்.

“வேணாங்க்கா. சட்டையோடவே போவட்டும்” என்றாள் மாரியாயி.

“குளிப்பாட்டாம எப்படிடி அனுப்புறது?”

“வேணாங்க்கா. குளிரும் அவனுக்கு.”

பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, மாரியாயியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, பிள்ளையை வாங்கினேன். பாயில் கிடத்தி முடிச்சை அவிழ்த்தேன். சட்டையைக் கழற்றினதும் அதன் கனம் கையை இழுத்தது. பிள்ளையை விடச் சட்டைதான் கையில் தெரிந்தது. முதுகுப் பக்கத் தையல் என் தையல் இல்லை. கறுப்பு நூலில் அடுத்தடுத்து நெருக்கமாகப் போட்டிருந்தாள். பிரித்தேன். பஞ்சுக்கு நடுவிலிருந்து ஈயத் தகடு ஒன்று வந்தது. அதன் கீழே இன்னொன்று. மொத்தம் நாலு. மூலையெல்லாம் குத்தாமல் இருக்க வளைத்து வெட்டி, அரம் போட்டு வழவழவென்று ஆக்கியிருந்தார்கள்.

அவன் உடம்பில் ஒன்றுமே இல்லை. தோலும் விலா எலும்பும்தான். பையிலிருந்த தராசை எடுத்து, ஏன் என்று கேட்டால் தெரியாது, நிறுத்தேன். இரண்டு ராத்தல் ஒன்பது அவுன்ஸ்.

சபாபதி வாசற்படியிலிருந்தே பேசினான். மறைக்கிற எண்ணம் அவனுக்கு இல்லை.

“ஷெட்டுல வெட்டிப் போட்டது மிஸ்ஸி. அங்க இருக்கிற தராசுலயே நிறுத்துக் கொண்டாந்தேன். நீங்க ரெண்டு அவுன்ஸ் ஏறணும்னு சொன்னீங்க. புள்ள எளைச்சிருந்தா சரிக்கட்டுறதுக்கு ஒண்ணு சேத்து, மூணு மூணா வச்சோம். வாரத்துக்கு ஒண்ணு. மத்த நாள்ல அந்தச் சட்டையப் போட மாட்டோம். அது பொதங்கெழமைக்கு மட்டுந்தான்.”

“அறிவிருக்காய்யா ஒனக்கு?” என்று கத்தினேன். “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? ஏறலைன்னு தெரிஞ்சிருந்தா அந்தக் கொழாய நான் வாங்கியிருப்பேனா? மார்ல விடச் சொல்லியிருப்பேனா?”

அதற்குப் பதில் மாரியாயிதான் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்துச் சொன்னாள்.

“எளைக்கிறான்னு தெரியும் மிஸ்ஸி. ஆனா ஒவ்வொரு வாட்டியும் நீங்க நல்லாருக்கான், நல்லாருக்கான்னு சொன்னீங்க. டாக்டரம்மாவும் சொன்னாங்க. ஈயத்தக் கழிச்சாலும் கொஞ்சம் ஏறியிருப்பான், இல்லாட்டி படிச்சவங்க எல்லாம் அப்படிச் சொல்லுவாங்களான்னு நெனச்சிட்டேன். பேர் வேற வைக்கச் சொன்னீங்க.”

தானே தைத்து வைத்த ஈயத்தை அவளே நம்பிவிட்டாள். என் வாயிலிருந்து வந்ததால் நம்பினாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

பவுனம்மாள் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு செம்புத் தண்ணீரிலேயே குளிப்பாட்டு முடிந்துவிட்டது. மஞ்சள் தடவி, பழைய வேட்டித் துண்டில் சுற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“சப்ப மாட்டாம வெறும் நாக்க நீட்டிக்கிட்டே கெடந்தான் மிஸ்ஸியம்மா. இவ துணித் திரிய பால்ல நனச்சு வாயில வச்சுப் பாத்தா, பால் உள்ள நிக்கல. அந்தக் கொழாய மறுபடி கேட்டு வாங்கிறலாம், என்ன ஆனாலும் ஆவட்டும், உண்மையச் சொல்லிறலாம்னு வெள்ளிக்கெழம காலையில ஒங்க நெலையத்து வாசல் வரைக்கும் வந்தா. நானுந்தான் கூட வந்தேன். உள்ள நீங்க யாரையோ போட்டுக் காய்ச்சிக்கிட்டிருந்தீங்க. தெரு வரைக்கும் கேட்டிச்சு. இவ கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம் திரும்பிட்டா.”

வெள்ளிக்கிழமை யாரைத் திட்டினேன் என்று அங்கே உட்கார்ந்தபடியே யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். யாரை என்று நினைவில்லை. எதற்காக என்றும் நினைவில்லை. குழாய் அன்று என் அலமாரியில் சும்மாதான் கிடந்தது.